பெட்டியை மூடிய வருடம்

"இந்தக் காலத்துல எவன்யா லெட்டர் எழுதுறான்?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கல்யாண வீட்டில் கேட்டவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். என் மகனே ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். காரணம் இருக்கிறது. அதை முதன்முதலில் என் முகத்துக்கு நேராகக் கேட்டவர் எங்கள் கம்பெனி மேனேஜர். கேட்பதற்கு முன்னால் அவர் செய்துவைத்திருந்த வேலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்போது நான் அபுதாபிப் பக்கத்து முசஃபாவில் ஒரு இரும்பு ஒர்க் ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி லேபர் கேம்ப்பில்தான் தங்கல். அந்த நாட்டில் தபால்காரர் என்று ஒருவர் வீட்டு வாசலுக்கு வரமாட்டார். முகவரி என்றால் தபால் நிலையத்துச் சுவரில் வாடகைக்கு எடுத்த பெட்டியின் எண், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பெட்டியும் சொந்தமில்லை. கேம்ப் முழுவதற்கும் கம்பெனிப் பெட்டி ஒன்றுதான். கம்பெனிக்காக விசா ஆபீஸ், லேபர் ஆபீஸ் என்று அலைகிற ஆளை மந்தூப் என்போம். அவரிடம்தான் சாவி. வியாழக்கிழமை நாங்கள் டூட்டி முடிந்து வரும்போது கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸின் அறையில் கடிதக்கட்டு வந்து கிடக்கும். ஊருக்கு நாங்கள் எழுதுவதை ஸ்டாம்ப் ஒட்டி அதே அறையில் இருக்கும், மேலே துவாரம் போட்டு ஒட்டிவைத்த அட்டைப்பெட்டியில் போடுவோம். மந்தூப் சுவர்ப்பெட்டியைத் திறக்கப் போகும்போது இதையும் அள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பார். வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் அந்த ஒரே ஆள்தான் வழி.

அந்த வருடம் தபால் துறையைச் சீர்திருத்துகிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வந்தது. இனி அது அரசாங்க இலாகா மாதிரி தூங்கக்கூடாது, கம்பெனி மாதிரி நடக்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று எழுதினார்கள். தபால் நிலையத்துக்குள் போனால் டோக்கன் மெஷின், மெத்தை நாற்காலி, டை கட்டிய ஆட்கள். சீர்திருத்தம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பழைய கவுண்டரில் ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்ப வெயிலில் வரிசை நின்று வெந்தவன் நான். ஏசியில் உட்காரவைத்தால் கசக்குமா என்ன? ஆனால் அந்தச் செலவையெல்லாம் எங்கேயாவது பிடிக்க வேண்டுமே. பெட்டி வாடகையை ஏற்றினார்கள்.

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர், நம்ம ஆள். பங்குச் சந்தை பித்துப் பிடித்து எல்லோரும் அலைந்த காலம் அது. அவர் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரில் எங்கள் வேலையைவிடப் பங்கு விலைதான் அதிகம் ஓடும். "போஸ்ட் ஆபீஸ் ஷேர் வெளிய விட்டா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்யா. இப்பதான் உருப்படியா நடத்துறாங்க" என்று ஸ்டோருக்கு வந்து என்னிடமே சொன்னார். அந்த உருப்படியான நிர்வாகத்தால் வாடகை ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, எங்கள் பெட்டியைப் புதுப்பிக்காமல் விட்டது. கம்பெனிக் கடிதங்கள் துபாய் ஹெட் ஆபீஸ் பெட்டிக்குப் போய்விடும், அப்புறம் இது எதற்கு என்று ஒரு கணக்கு. கேம்ப்பில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம். இனிமேல் இங்கே தபால் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூச்சு விடவில்லை மனுஷன். எங்களில் முக்கால்வாசிப் பேர் போன் கார்டுக்கு மாறிவிட்டிருந்ததால், வியாழக்கிழமைக் கட்டு வராமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவரைத் தவிர.

என் ரூமில் பெரம்பலூர்ப் பக்கத்து வெல்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காது கேளாதவர்களுக்கான பள்ளியில் படித்தவர், எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். நாங்களெல்லாம் வெள்ளிக்கிழமை போன் பூத்தில் நின்று கத்திக்கொண்டிருப்போம். வெல்டர் அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். எங்களுக்குப் போன் எப்படியோ அவருக்குக் கடிதம் அப்படி. ஆடு குட்டி போட்டது, ரேஷன் கடையில் சண்டை போட்டது என்று அந்த அம்மா எழுதுவதைப் படித்துவிட்டு அவர் தனியாகச் சிரிப்பார். "என்னண்ணே, அண்ணி திட்டுறாங்களா?" என்று கேட்டால், "வாயில்லாதவளுன்னு நெனச்சிராதடா. எழுத ஆரம்பிச்சா தாளு பத்தாது அவளுக்கு" என்பார், பெருமையாக.

கட்டு வராமல் போய் இரண்டு மாதம் தாண்டியது. கேம்ப் பாஸைக் கேட்டால், தபால் வரவில்லை என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. "மழையா இருக்கும்," "ஸ்ட்ரைக்கா இருக்கும்" என்று அவரே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டார். வாரம் தவறாமல் எழுதி அட்டைப்பெட்டியில் போட்டார். அப்புறம் சாப்பாடு குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு போன் பூத்துக்குப் போனார். பெரம்பலூர் டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன் போனை எடுத்ததும் அழுகிறான். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"மாமா, நீங்கதானா? அக்கா இங்கதான் இருக்கு மாமா. அது போட்ட லெட்டரு மூணும் திரும்பி வந்துருச்சு. கவர்ல என்னமோ அரபியில முத்திர குத்தியிருக்கு. ஒங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு முடிவு பண்ணி வீட்டப் பூட்டிட்டு வந்துருச்சு. சோறு திங்க மாட்டேங்குது. மாமா நல்லாத்தான் இருக்காருன்னு எழுதிக் காட்டினா, பேப்பர கிழிச்சு எறியுது."

ஏன் நம்பவில்லை என்று கேட்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் ஒருவன் செத்துப்போனால், உடல் வந்து சேருகிறவரை பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டார்கள். "லேசா காய்ச்சலாம், ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம்" என்று ஊரே கூடிப் பொய் சொல்லும். அவர்கள் தெருவில் ஒருவர் சவுதியில், தம்மாமில் செத்தபோதும் அப்படித்தான். செத்தவரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்று சைகையில் சொன்னவர்களில் வெல்டர் அண்ணனின் மனைவியும் ஒருவர். அவரே சொன்ன பொய்யை இப்போது தம்பி அவருக்குச் சொல்லுகிறான். எப்படி நம்புவார்? மச்சினன் அப்போதே போனை அவர் கையில் கொடுத்தான்; அதில் அவருக்கு என்ன இருக்கிறது? வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாராம்.

அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது, ஆனால் யோசித்தார். "டேய், அந்தக் கவர்ல கடைசியா போட்டத பிரி. அவ என்ன கேட்டிருக்கா, படி" என்றார்.

மச்சினன் பிரித்துப் படித்தான். கொல்லையில் நிற்கிற முருங்கை பக்கத்து வீட்டுக் கூரை மேல் சாய்கிறது, அந்த ஆள் தினமும் சண்டைக்கு வருகிறான், வெட்டிவிடவா, வேண்டாமா, உடனே எழுதுங்கள் என்று இருந்தது. அந்த முருங்கை, அண்ணன் முதல்முறை வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மாவும் அவருமாகக் குழி தோண்டி நட்டது. அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"சரி, நான் இதுக்குப் பதில் எழுதுறேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். செத்தவன் பதில் எழுத மாட்டான்ல" என்றார்.

பூத்துக்கு வெளியே வெயிலில் நின்றே எழுதினார். முருங்கையை வெட்டாதே, சாய்கிற கிளையை மட்டும் கழித்துவிட்டு முட்டுக் கொடு, மிச்சத்தை நான் வந்து பார்க்கிறேன் என்று ஒரு பக்கம். டைப்பிங் சென்டர் ஜும்மா தொழுகைக்கு மூடியிருந்தது. அது திறக்கிறவரை வாசலிலேயே காத்துக் கிடந்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஈமெயிலில் அனுப்பினோம். மச்சினன் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினான். சாயங்காலம் திரும்பப் போன் போட்டோம்.

"படிச்சிருச்சு மாமா. ரெண்டு தடவ படிச்சிச்சு. தாளத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி, தானே சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்துருச்சு."

அண்ணன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே அழுதார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் யல்லா என்று அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலை நான் முதலில் போனது தபால் நிலையத்துக்கு. டோக்கன் எடுத்து உட்கார்ந்து கேட்டேன். டை கட்டியவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "பாக்ஸ் கேன்சல் ஹோகயா, பாய். ஸப் ரிட்டர்ன். கலாஸ்." பெட்டி ரத்து, வந்ததெல்லாம் திருப்பியாயிற்று, முடிந்தது என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாடகை கட்டாத பெட்டிக்கு வந்தால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். சரி, எனக்குத் தனியாக ஒரு பெட்டி கொடுங்கள் என்றேன். கம்பெனியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார். எந்தக் கம்பெனி? பெட்டியை மூடிய அதே கம்பெனி! பக்கத்துக் கவுண்டரில் எக்ஸ்பிரஸ் கூரியர். எங்கள் மாதிரி ஆட்கள் அதன் கட்டணத்தைப் பார்த்ததும் தள்ளி நிற்க வேண்டியதுதான்.

அங்கிருந்து கேம்ப்புக்கு வந்து கேம்ப் பாஸ் அறையில் அட்டைப்பெட்டியைப் பிரித்தால், கடிதங்கள் அப்படியே குவிந்து கிடக்கின்றன. அண்ணன் வாரம் தவறாமல் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அதில். பெட்டியே இல்லை என்றானபிறகு மந்தூப் தபால் நிலையத்துக்கு எதற்குப் போகப்போகிறார்? அடப்பாவிகளா! அந்த அம்மா எழுதியதும் வரவில்லை, இவர் எழுதியதும் போகவில்லை. நடுவில் ஒரு பெண் புருஷனைச் சாகக்கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய் மேஜை மேல் தொம்மென்று வைத்தேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் காலத்துல எவன்யா லெட்டர் எழுதுறான்? ஆளுக்கொரு போன் கார்டு வச்சிருக்கீங்களே."

விஷயத்தைச் சொன்னேன். காது கேளாத மனைவி, திரும்பிப் போன கடிதம், பட்டினி, எல்லாவற்றையும். அவர் கேட்டுவிட்டு, "அது ஒரு கேஸ்ப்பா. ஒருத்தருக்காக நான் பாக்ஸ் வச்சிக்க முடியுமா? காஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

"அதே காஸ்ட்ட ஏத்துனதுக்காகத்தான சார் போஸ்ட் ஆபீஸ் ஷேர் வாங்கணும்னு சொன்னீங்க? எல்லாரும் ஒங்கள மாதிரி பெட்டிய மூடிட்டா அந்த ஷேர வச்சு நாக்கு வழிக்கிறதா?"

"மைண்ட் யுவர் வேர்ட்ஸ்" என்றார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அந்த வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. போகட்டும். மூடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல அவர் வாயில் என்ன அடைத்திருந்தது என்று மட்டும் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வழி காட்டியவர் கீழக்கரைக்காரர் ஒருவர். கேம்ப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். "கடைப் பேர்ல பாக்ஸ் ஒண்ணு சும்மாதான் தம்பி கிடக்குது. எல்லார்ட்டயும் அந்த நம்பரக் குடுங்க. நான் சாமான் எடுக்கப் போகும்போது பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். வாடகை ஏறியது அவருக்கும்தான். கடிதம் வாங்குகிறவர்கள் வாடகைக்கு ஏதோ கொடுக்கிறோம் என்றதற்கு, "போங்க தம்பி, வேலயப் பாருங்க" என்று விரட்டினார்.

அடுத்த மாதம் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து முதல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வெல்டர் அண்ணனுக்கு. கடை வாசலிலேயே பிரித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். அதுவரை அவர் எந்தக் கடிதத்தையும் என்னிடம் காட்டியதில்லை.

முதல் வரியில் இப்படி இருந்தது: "முருங்கையை வெட்டிவிட்டேன். கடிதம் திரும்பி வந்த அன்றைக்கே, தம்பி வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வெட்டினேன். இனிமேல் கேட்பதற்கு நீங்கள் இல்லை என்று நினைத்தேன்."

"முருங்கதானே, தழஞ்சிரும்" என்றார் அண்ணன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தழைக்கும். எனக்கும் தெரியும். புருஷன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெண் தனியாகக் கொல்லைக்குப் போய் அரிவாளை எடுத்தாளே, அதை யார் சீர்திருத்துவார்கள்?