தூக்கி விடாத வைப்பர்

ஹரூயே வண்டியைக் கிளப்பியதும் கண்ணாடிக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். இடப்பக்க வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஓட்டும் பக்கத்து வைப்பர் கண்ணாடியோடு உறைந்து அப்படியே கிடந்தது.

பனி கொட்டும் தொகாமாச்சியில் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்துகிற எல்லாரும் வைப்பர்கள் கண்ணாடியோடு உறையாதபடி தூக்கி நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். நேற்று ஐந்து வீடுகளில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டுத் திரும்பிய ஹரூயேவுக்கு வைப்பர் சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அதில் பத்தொன்பது வருஷம் இதே வண்டி.

வண்டிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கென்சாகுவைப் போனில் அழைத்தாள்.

"ஒரு வைப்பர் நகரலண்ணே. இன்னொண்ணு ஓடுது. மோட்டாருக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப வைப்பர் கையோட பல்லு தேஞ்சிருக்கும். ராத்திரி தூக்கி விட்டியா?"

"மறந்துட்டேண்ணே."

"நல்லா இருக்கு! பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ப் பனியைத் தின்னுட்டு, டோக்கியோக்காரி மாதிரி நிறுத்தியிருக்க. புதுக் கை வர ரெண்டு நாளாகும். ஆபீஸ்ல சொல்லிட்டுப் போய்த் தூங்கு."

தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே கண் எரிந்தது. ஆனால் மலைமேல் இருக்கும் கிழவர் இவாபுச்சிக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் குளியல். போன செவ்வாயும் பனியில் பாதை அடைபட்டுவிட்டது. இன்றும் போகாவிட்டால் அந்தக் கிழவருக்கு மூன்று வாரம் குளியல் இல்லை.

அலுப்போடுதான் ஸ்பானரை எடுத்தாள். வெதுவெதுப்பான நீரூற்றி வைப்பர் கையை விடுவித்தாள். நட்டின் மூடியைப் பெயர்த்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். மோட்டார் தண்டு திரும்பியது, கை அசையவில்லை. நட்டை இறுக்கினாள். இரண்டு வீச்சு ஓடி மறுபடி வழுக்கியது. நட்டைக் கழற்றி, கையை ஆட்டி ஆட்டி எடுத்தாள். பற்களை இரும்புத் தூரிகையால் தேய்த்தாள். அண்ணன் பட்டறையில் செய்வதைப் பார்த்திருந்தபடி, காலிக் காப்பி டப்பாவிலிருந்து ஒரு கீற்றுத் தகடு வெட்டிப் பிடிப்புக்காகத் தண்டில் சுற்றினாள். மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, அது தன் இடத்தில் நின்ற பிறகே கையைப் பொருத்தி இறுக்கினாள். விரல்களில் உணர்ச்சி போயிருந்தது.

மறுபடி அண்ணனை அழைத்தாள். "ஓடுதுண்ணே."

"எத்தனை சுத்து தகடு?"

"ஒண்ணு."

"வைப்பரை வேகமா ஓட விடாத. பார்த்துப் போய்ட்டு வா."

மலைப்பாதை முழுக்கத் துடைப்பதை மெதுவாகவே வைத்து ஓட்டினாள். நாற்பது நிமிடம் தாமதம். வாசலில் நிறுத்தி, சுவிட்சை அணைத்து, இரண்டு வைப்பர்களையும் தூக்கி நிறுத்தினாள்.

இவாபுச்சி சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வரமாட்டேன்னு நெனச்சேன்மா. தண்ணி ஆறிப்போச்சு."

"திரும்பச் சுட வச்சுக்கலாம்யா."

"வைப்பரைத் தூக்கி விட்டியே, பாத்தேன். அப்ப உடனே ஓடிட மாட்ட."

சொல்லிவிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றுவதற்காகக் கைகளைத் தூக்கினார். ஒன்று நேராக நின்றது. மற்றது பாதிக்கு மேல் ஏறவில்லை. ஹரூயே தன் விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தாள்.