ஜெபக்கனி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்

மும்பை செம்பூர் ஸ்டேஷனில் ஆபீஸ் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஜெபக்கனி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அக்கா இல்லை, அவருடைய மகள் கிரேஸ். "சித்தி, அம்மா போயிட்டா" என்று மட்டும் சொன்னாள். வந்த ரயிலை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். பிறகு எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்துக்குப் போய் நின்று அழுதேன்.

தாராவியில் எங்கள் சபையில் அக்காவோடு பழகியவர்களுக்கு நான் எதை எழுதப்போகிறேன் என்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவின் மகன் சாமுவேல், குர்லாவில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தவன். ஒருநாள் காலை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான், திரும்பி வரவில்லை. வீட்டில் சண்டையில்லை, வெளியில் பகையில்லை. போலீசில் "ஆ ஜாயேகா, மௌசி", வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணவர் அதற்கு முன்பே தவறிவிட்டார். மகனைத் திருப்பித் தா என்று கேட்டுக் கேட்டு, பிறகு அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதையாவது சொல் என்று அக்கா ஆண்டவரிடம் கேட்டார். வருஷக்கணக்காகக் கேட்டார். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாரும் போனை அணைத்துவிட வேண்டும். அக்காவின் போன் மட்டும் அணையாது, மகனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது. எல்லாரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கும் நேரம் பார்த்துத்தான் அது அலறும். அக்கா முழங்காலிலிருந்து எழுந்து, வழியில் இருப்பவர்களை எல்லாம் தாண்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். "ஹலோ, சாமுவேலாய்யா?" என்று கேட்பது உள்ளே எங்களுக்குக் கேட்கும். அப்புறம், "நஹி பேட்டா, லோன் நஹி சாஹியே", லோன் வேண்டாம் மகனே என்பார். அந்த லோன்காரனிடம்கூட அவர் எரிந்து விழுந்ததில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "தேவன் பேசுகிற நேரத்திலே போன் பேசலாமா அம்மா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். அக்கா வாசலில் நின்றபடியே, "அவரு பேசுனா ஆஃப் பண்ணிருவேன் ஐயா" என்றார். அதில் கிண்டல் துளியும் இல்லை, கைகட்டி மரியாதையாகத்தான் சொன்னார். பிரசங்கியார் உடனே பாட்டைத் தொடங்கிவிட்டார். நான் முக்காட்டை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஏனோ சமைக்க முடியவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறைவான பாவம் ஏதாவது இருக்கும் என்றார் ஒருவர். விசுவாசம் போதவில்லை என்றார் இன்னொருவர். அக்கா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்புவார். நானாக இருந்தால் வெந்நீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஜெபம் முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வரும். விசா கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, கட்டி கரைந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். அக்காவும் எழுவார். "ஸ்தோத்திரம். சாமுவேல் வரல. ஒரு தகவலும் இல்ல. அடுத்த வாரமும் கேப்பேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் சோர்ந்துபோவார்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். நடந்தது வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் விக்ரோலியிலிருந்து ரயில் பிடித்து வர ஆரம்பித்தாள். எந்தப் பிரசங்கத்தையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்காவின் பக்கத்தில் இடம் கிடைக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

அக்காவைக் கல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு சமயம் சில வாரங்கள் அவர் ஜெபத்துக்கே வரவில்லை. மழைக்காலம். தொண்ணூறு அடி ரோட்டில் முழங்கால் தண்ணீரில் நடந்து அவர் அறைக்குப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா வரல?"

"கோவமா இருக்கேன். பேசல."

"யாரோட?"

"அவரோடதான். எத்தன வருசமாக் கேக்கேன்? ஒரு வார்த்த சொன்னா வாய் முத்தா உதிர்ந்திரும்?"

வெங்காயத்தை ஆளுக்குப் பாதியாக நறுக்கி முடித்துவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கமான இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். கோபம் தீர்ந்ததா என்று காதோடு கேட்டேன். "எங்க தீரும்ட்டி? கோவத்தோடதான் வந்திருக்கேன். கோவிச்சிக்கிட்டுப் போகவும் அவரு வீடுதான இருக்கு" என்றார். ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் என்னை இப்படிப் பிடித்து உட்கார வைத்ததில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரி வார்டில். குரல் மிகவும் தேய்ந்திருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "அங்க போனதும் ஆண்டவர்ட்ட நேராவே கேட்டுரலாம்க்கா."

அக்கா கண்ணைத் திறந்தார். "கேக்கவே வேண்டாம்ட்டி. போனதும் அவன் இருக்கானான்னு ஒரு சுத்து தேடிப் பார்ப்பேன். இருந்தான்னா, எம்புள்ள எனக்குக் கெடச்சிட்டான்." மூச்சு வாங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லேன்னா, அவன் உசுரோட இருக்கான்லா" என்றார்.

அடக்க ஆராதனையில், அக்காவுக்கு இனி ஒரு கவலையும் இல்லை என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். பதில் வரவில்லை என்பதைச் சபை நடுவில் எழுந்து சொல்லலாம், சொல்லிவிட்டு அதே இடத்தில் உட்காரலாம். விட்டுப் போக வேண்டியதில்லை.

இந்நேரம் அக்கா தேடிப் பார்த்து முடித்திருப்பார். சாமுவேல் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு இன்னும் தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் கேட்போம்.