மச்சானும் அவர் பூட்டிய பின்வண்டிகளும்

சென்ற வாரம் ஒரு முற்பகலில், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்திலிருந்து என் மச்சான் வீட்டுப் பண்ணையாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். தலைத்துண்டு தலையில் இல்லை, கக்கத்தில் இருந்தது. அதைக் கண்டதுமே விஷயம் விளங்கிவிட்டது.

"வாத்தியாருங்க, உங்க மச்சான் போயிட்டாருங்க. வெடியால காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுக் கட்டல்ல சாஞ்சாரு. அப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க."

"அக்கா?"

"ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கறாங்க. அழுவலீங்க."

என் தமக்கை பாவாயியின் கணவர் கருப்பண்ணன் அவர்கள் ரோட்டில்தான் சாவார் என்று சேலம் ரோட்டோரத்து ஊர்களெல்லாம் எதிர்பார்த்திருந்தன. நானும் எதிர்பார்த்தேன். ஆனால் அவருக்கோ நோவில்லாத சாவு வாய்த்தது, அதுவும் சொந்தக் கட்டிலில். வாழ்நாள் முழுவதும் அவருக்கு எல்லாமே அப்படித்தான் வாய்த்தது. நோவு மட்டும் எப்போதும் அடுத்தவர் பங்காகவே இருந்தது.

கருமாதியன்று கூட்டத்தில் படிப்பதற்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய தம்பி என்னைக் கேட்டார். "நீங்க படிச்சவரு. அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க" என்றார். எழுத ஒப்புக்கொண்டேன். நல்லது மட்டும் எழுதுவதாக ஒப்புக்கொள்ளவில்லை. செத்தவரைக் குறை சொல்லலாகாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் அவரை யாரும் குறை சொன்னதில்லை. பிறகு எப்போதுதான் சொல்வது?

அவர் நிலபுலம் உள்ள குடும்பத்தில் மூத்த பிள்ளை. நெடிய உருவம், கணீரென்ற குரல். கலியாணமான இரண்டாம் வருஷம் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை மச்சான் விலைக்கு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தார். கடலைக்காய் காயவேண்டிய களத்தில் சாக்கு விரித்து, அதைத் திருகு திருகாகப் பிரித்துப் போட்டார். ஒருவரையும் கிட்டே விடவில்லை. மறுபடி பூட்டியபோது சில திருகுகள் மிஞ்சின. "இதெல்லாம் வெள்ளக்காரன் சும்மா வெச்சது" என்று அவற்றைக் கிணற்றில் எறிந்தார். வண்டி ஓடவே செய்தது. அன்றைக்கு அது ஓடாமல் போயிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

துரை ஓட்டிய வண்டி அவருக்குப் போதவில்லை. முதலில் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினார். "நாம வாரது ஊருக்குத் தெரிய வேணாமா?" என்றார். தெரிந்தது. எருமைகள் அறுத்துக்கொண்டு ஓடின. தொட்டிலில் கிடந்த குழந்தைகள் வீறிட்டன. பிறகு அவர் கண் என் அக்காவின் சீர் சாமான்கள் மேல் விழுந்தது. எங்கள் அப்பா வெள்ளாமை இல்லாத வருஷத்தில் வாங்கிக் கொடுத்த செப்பு அண்டாவை வெட்டித் தகடாக்கி, சக்கரத்துக்குமேல் சேறு தடுக்கும் மட்கார்டு செய்தார். பித்தளைக் குத்துவிளக்கை உருக்கி அச்சுக்குப் பூண் வார்த்தார். எங்கள் வீட்டுச் சீர் இப்படி ஒவ்வொன்றாக அந்த வண்டியில் ஏறியது. அக்கா ஒருமுறை, "வெளக்கு ஒண்ணையாவது உட்டு வெச்சிருக்கலாமுங்க" என்றாள். "வெளக்கு ஒரு எடத்துல நிக்கறது. இப்ப ஊரு பூரா சுத்துதில்ல?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவருடைய கைத்திறனை நான் மறுக்கவில்லை. மூட்டை இழுக்க வலு வேண்டும் என்று பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைச் சேலத்துப் பட்டறையில் பெரிதாக வெட்டவைத்தார். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. குதிரை வண்டிச் சக்கரம் இரண்டும் மூங்கில் சட்டமும் கொண்டு பின்னால் பூட்டி இழுக்க ஒரு வண்டி செய்தார். அதில் கடலைக்காய் மூட்டைகளை அடுக்கி நாமக்கல் சந்தைக்கு ஓட்டிப் போனார். சந்தைக் கூட்டம் யாவாரத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தது. "மாடு நின்னாலும் திங்குது, நடந்தாலும் திங்குது. இது ஓடறப்ப மட்டுந்தான் குடிக்குது" என்று அவர் சொன்னதை ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பூட்டு கழன்று அந்தப் பின்வண்டி இரண்டு தடவை ரோட்டில் நின்றுபோனதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மூட்டைதானே, கீழே விழுந்தால் கால் ஒடியாது.

இரண்டாவது பின்வண்டியை ஆள் உட்காரச் செய்தார். மெத்தை தைத்து, மேலே வெயிலுக்குத் துணிக் கூடு போட்டார். பூட்டு மட்டும் பழைய மாதிரியே. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு இரும்பு வளையம், பின்வண்டியின் ஏர்க்காலில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அந்தக் கொக்கியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, கொக்கி கழண்டா பிடிச்சுக்கறாப்பல ஒரு சங்கிலி போட்டு உடக் கூடாதுங்களா?"

"சங்கிலி போட்டா கலகலன்னு சத்தம் கேக்கும். பாக்கறவன் சிரிப்பான்."

"முந்தி ரெண்டுவாட்டி கழண்டுச்சுங்களே."

"அது மூட்டைய ஏத்துனவன் தப்பு. நீ என்ன மூட்டையா?"

பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த தை மாதம் குமாரபாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் எனக்குக் கலியாணம். எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையும் அவனோடு பிறந்தவளும் ஒரே புடவையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். பிறந்தவள் செய்தால்தான் அது சீர். எனக்கு இருப்பது ஒரே அக்கா. முதல்நாளே மாட்டு வண்டி அனுப்புகிறேன் என்றார் அப்பா. அதற்கு மச்சான், "எங்கிட்ட வண்டி இருக்கறப்ப மாட்டு வண்டியில பொண்டாட்டிய அனுப்புவனா?" என்று சொல்லியனுப்பினார்.

அன்று காலை பந்தலில் எல்லோரும் காத்திருந்தோம். திருச்செங்கோட்டு ரோட்டுப் பக்கமிருந்து அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டது. "பாவாயி வந்துட்டா" என்று அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினாள். மச்சான் வந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் வண்டியின் எண்ணெய்த் தொட்டியையும் துடைத்தார்.

அம்மா தட்டோடு நின்றபடியே கேட்டாள். "பாவாயி எங்க சாமி?"

அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் வண்டி இல்லை. வளையம் மட்டும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த ஊர் வரைக்கும் அக்கா பின்னால் இருந்தாள் என்பதும் தெரியவில்லை. அவள் கூப்பிட்டிருந்தாலும் அந்தக் குழாயின் சத்தத்தில் கேட்டிருக்காது. வழியில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையா என்று அப்பா கேட்டார். "முன்னால பாத்துத்தானுங்க ஓட்டணும்" என்றார் மச்சான்.

மாப்பிள்ளைக் கோலத்தோடு நானும் அப்பாவும் மாட்டு வண்டியில் ஏறித் திருச்செங்கோட்டு ரோட்டில் போனோம். எதிரே ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. நான்கு நெசவாளிகள் அதைச் சுமந்து வந்தார்கள். ரோட்டோரத்தில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இறக்கத்தில் தனியாக உருண்டு வந்த வண்டி தங்கள் பாவை அறுத்துக்கொண்டு புளியமரத்தில் மோதியதாகச் சொன்னார்கள். தங்கள் பாவு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் ஒரு பெரியவர், "அம்மிணி தண்ணி கூட வேண்டாம்னுட்டாங்க. கண்ணாலத்துக்கு நேரமாச்சுங்கறதே பேச்சு" என்றார்.

அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவளைக் கட்டிலோடு பந்தலுக்குக் கொண்டுவந்தோம். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முகூர்த்தத்தைத் தள்ளிப் போடலாம் என்றார் அப்பா. "தள்ளிப் போடாதீங்கப்பா. இணைச்சீர் நானில்லாம ஆரு செய்வா?" என்றாள் அக்கா. கட்டிலருகே மணை போட்டு நான் உட்கார்ந்தேன். புடவையின் ஒரு முனையை அவள் படுத்தபடியே பிடித்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் அந்தப் புடவை என் கையில் இழுபட்டது.

மச்சான் அதற்குள் புளியமரத்தடிக்குப் போய்ப் பின்வண்டியின் கொக்கியைக் கழற்றி வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "கொக்கி நல்லாத்தான் இருக்குது, பாருங்க. அவ ஒருக்களிச்சு உக்காந்திருக்கறா. பாரம் ஒரு பக்கமா போச்சு." நான் மாலையோடு நின்று அதைக் கேட்டேன். அந்த வார்த்தையை இந்நாள்வரை மன்னிக்கவில்லை. அவர் போன பின்பும் மன்னிக்க எண்ணமில்லை.

எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு என் அக்கா நேராக நடந்ததில்லை.

ஒரு வருஷம் கழித்து மூன்றாவது பின்வண்டி செய்தார். தாழ்வானது. கால் ஊனமுள்ளவரும் சிரமமில்லாமல் ஏறும்படி பக்கவாட்டில் கதவு வைத்திருந்தார். கொக்கிக்குத் துணையாகக் கனமான இரட்டைச் சங்கிலியும் போட்டிருந்தார். பெண்டாட்டிக்காக வண்டியே செய்த மனுசன் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் புகழ்ந்தது. அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறு பாவாயி, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றார். அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"நான் நடந்தே வாரனுங்க. நீங்க முன்னால போங்க."

நடந்தே போனாள். அவர் மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனார். கோயில் வரைக்கும் அவள் அந்த வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகும் ஒருநாள்கூட அதில் ஏறவில்லை.

ஒருமுறை நான் நேரிலேயே கேட்டேன். "மச்சான், உங்க தப்புன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "அதான் சங்கிலி போட்டாச்சில்ல மாப்ளே" என்றார்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்களே கரிப்புகையில் ஓடின. மச்சானும் ஒரு தகர உருளையில் அடுப்புக்கரியை மூட்டி, தேங்காய் நாரில் புகையை வடிகட்டி, குழாய் வழியாக எஞ்சினுக்கு விட்டார். முதல் முயற்சியில் தம்பி வீட்டு வைக்கோற்போர் எரிந்தது. அடுத்த முயற்சியில் வண்டி ஓடியது. மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் கரி உருளை ஏற்றிய சிறு வண்டி, அதற்கும் பின்னால் அக்காவுக்கென்று செய்த தாழ்வண்டி. மூன்றும் ரயில் மாதிரி புகைவிட்டுக்கொண்டு போகும்.

அந்த வண்டியில்தான், மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்த பக்கத்துத் தோட்டத்து மருமகளை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பெண் இழவு வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடச் செய்தாள். இது உண்மை, ஆகையால் எழுதுகிறேன். வழி நெடுக அவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, "இருக்கறயா சாமி, இருக்கறயா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டியதாக அவள் சொல்லி அழுதாள். எல்லோரும் உருகினார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. திரும்பிப் பார்க்கத் தெரிந்தவர்தானே அவர்!

அவர் இறந்த அன்று மாலை பாடை கட்டும் நேரத்தில் இளவட்டங்கள் ஒரு யோசனை சொன்னார்கள். மயானம் வரைக்கும் அவரை அவர் செய்த தாழ்வண்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் பூட்டி இழுத்துப் போகலாம், அவருக்கு அதுதான் மரியாதை என்றார்கள். தம்பியும் சம்மதித்தார். வண்டிக்கு மாலை கூடப் போட்டுவிட்டார்கள். அப்போது அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அதுல வேண்டாஞ் சாமி. வழியில கழண்டு தனியாக் கெடந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தோள்ல தூக்கிட்டுப் போங்க."

இளவட்டங்கள் வண்டியிலிருந்து மாலையைக் கழற்றினார்கள். அதன்பின் அவள் அங்கேயே வாசல் மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். யாருக்காக, எதற்காக என்று நான் கேட்கவில்லை.

பாடையின் முன்பக்கத்து வலது தோளை நான் கொடுத்தேன். மச்சான் கனமான மனிதர். வழியில் தோள் மாற்ற ஆள் வந்தும் நான் கொடுக்கவில்லை. அன்போ பகையோ, இறக்கி வைக்கும்வரை சுமப்பது என்று எனக்குத் தோன்றிற்று. கொள்ளி வைத்து முடிந்ததும் முறைப்படி எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

கருப்பண்ண மச்சானே, புறப்படுகிறவர்களைப் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது நம் பக்கத்து மரியாதை. உங்களுக்குப் பாதிதான் சொல்ல முடிகிறது. போங்கள்.