சிரிக்காத முயல்

என் வீட்டுக்காரர் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் எலும்பு வரைந்தவர். எலும்பு முடிந்து தசை, தசை முடிந்து தோல். அப்படி முறைப்படி கற்ற வித்தையோடு கடல் தாண்டி வந்து, பதினோரு வருடமாகக் குழந்தைகள் புத்தகத்துக்குக் கரடி வரைகிறார். கரடிக்கும் முதலில் எலும்புதான். அதன்மேல் ஸ்வெட்டர்.

கையைப் பார்த்து வரைய ஆள் வைக்க வசதியில்லை, நான் இருக்கிறேனே! வெங்காயம் நறுக்குகிறவளைப் பார்த்து, "அப்படியே இரு, அசையாத," என்பார். இந்த ஊர்க் குழந்தைகள் கொஞ்சும் பாட்டிக் கரடியின் கை என்னுடையது. பெருமைதான், போங்கள்.

அவர் பெயர் கடைசிப் பக்கத்தில், அச்சக விலாசத்துக்குக் கீழே, எறும்பு படிக்கிற அளவில் இருக்கும். அட்டையில் ஒருமுறையாவது வர வேண்டும் என்பதுதான் மனிதருக்கு ஆசை. போன வருடம் அதுவும் கூடி வந்தது. பஸ் ஓட்டும் முயலின் கதை. அட்டையில் பெயர் போடுவதாகச் சொன்ன பதிப்பகத்து அம்மாள், ஒன்றே ஒன்று கேட்டாள்: முயல் சிரிக்க வேண்டும்.

"முயலுக்கு உதட்ட காதுவரைக்கும் இழுக்கிற தசையே கிடையாது," என்றார் என்னிடம். முயல் தொப்பி வைக்கலாம், பஸ் ஓட்டலாம், சில்லறை கேட்கலாம். சிரிக்கத்தான் கூடாது!

"ஒரு கோடுதானே, இழுத்து விட்டுடுங்களேன்."

"பொய்க்கோடு போட்டு அதுமேல என் பேரா?"

ஒற்றைக் காலில் நின்றார். முப்பத்திரண்டு பக்கமும் சிரிக்காத முயலையே அனுப்பினார். இனி அட்டையாவது பெயராவது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. அட்டையில் பெயர், கட்டைவிரல் உயரத்தில். கீழே முயல், காதுவரை சிரித்துக்கொண்டு. உள்ளேயும் பக்கத்துக்குப் பக்கம் அதே சிரிப்பு. பதிப்பகத்தில் யாரோ கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள்.

அட்டையைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். மாமனார் போனில், "அந்தச் சிரிப்பு ஒண்ணே போதும்டா! அஞ்சு வருஷம் படிச்சது வீண் போகல," என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சிரிப்புதான் பிடித்ததாம். இவர் எல்லோருக்கும் தலையாட்டினார். பதினோரு வருடம் கிண்டலடித்த எனக்கே அன்றைக்கு அவரைப் பார்க்கத் தாங்கவில்லை.

அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எங்கள் ஏழு வயது மகள், ரப்பரை எடுத்து முதல் பக்கத்து முயலின் வாயைத் தேய்த்தாள். அச்சு அழியுமா? காகிதம்தான் கிழிந்தது.

"ஏண்டி புதுப் புத்தகத்த பாழாக்குற?"

"இந்த வாய் அப்பா வரைஞ்சதில்லம்மா."

வந்த பத்துப் பிரதிகளில் ஒன்பதை அவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். ஓட்டை விழுந்ததை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார்.