நாலாவது சீலம்

மூன்று வருடங்களுக்கு முன், புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமி நாளில், ஜேர்மனியில் நான் வசிக்கும் எசன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது. இப்போதும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் அந்த வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன்.

நான் ஒரு சிறுவர் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஜேர்மன் மொழி நன்றாக வரும் என்பதால் டொக்டரிடமோ அரசாங்கக் கந்தோரிலோ டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த சந்திப்பு, இருக்கிற எங்கள் ஆட்கள் மொழிபெயர்க்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். போன இடத்தில் ஒருவருக்கும் நோகாதபடி கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்வது என் வழக்கம். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாமாம், நாலு பொய் சொல்லி ஒரு அலுவலை முடிக்கக் கூடாதா?

என்னோடு வேலை செய்யும் தாய்லாந்துப் பெண் ஒவ்வொரு வெசாக்குக்கும் லீவு போட்டுவிட்டு, பக்கத்து ஊரில் இருக்கும் அவர்களுடைய விகாரைக்குப் போய் எட்டுச் சீலம், அதாவது எட்டு விரத ஒழுக்கங்கள், எடுப்பாள். அடுத்த நாள் விடியும் வரை மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, நகை போடக் கூடாது, மெத்தையில் படுக்கக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கிறவளுக்கு இது ஒரு விரதமா? அவளும் சிரித்தாள். உனக்குச் சாப்பாடு பிரச்சினையில்லை, நாலாவதுதான் கஷ்டம் என்றாள். நாலாவது, பொய் சொல்லாமை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செய்து காட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். குடலில் சோதனைக்கு எடுத்த சதையின் முடிவு சொல்லும் டெர்மின். உள்ளே போக முன்னமே அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கான்சர் எண்டு சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப்போடாதை தங்கச்சி. கேட்ட உடனை விழுந்திடுவாள்." டொக்டர் நீளமான வைத்தியச் சொல்லில் சொன்னது எனக்கு வாய்ப்பாகப் போயிற்று. குடலில் ஒரு புண்ணாம், வெட்டி எடுக்க வேண்டுமாம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எல்லாம் சொன்னீர்களா என்று டொக்டர் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அக்கா சும்மா விடவில்லை. ஒரு புண்ணுக்கு ஏன் வயிற்றை வெட்ட வேண்டும், ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கு ரிக்கெற் போட்டாயிற்று, நாட்டு மருந்து குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று ஒப்பரேஷன் தாளில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். யோசித்துவிட்டு வரச் சொல்லி டொக்டர் இன்னொரு டெர்மின் கொடுத்தார்.

வெசாக் அன்று காலை வெள்ளைச் சேலை உடுத்து, தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு விகாரைக்குப் போனேன். தாலியை மட்டும் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். பிக்கு சொல்லச் சொல்ல எட்டையும் திருப்பிச் சொன்னோம். நாலாவது வந்தபோது என் குரல் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகக் கேட்டது. வீம்புதான்.

பதினொன்றரைக்குச் சாப்பிட்டுக் கோப்பை கழுவும்போது ரெலிபோன் அடித்தது. அக்காவின் கணவர். டெர்மினை முன்னுக்குப் போட்டு இன்றைக்கே இரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்களாம், வேறு ஆளில்லையாம். மறுக்க முடியவில்லை. உடுத்த வெள்ளையோடே ரெயின் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டதும் அக்கா எழுந்துவிட்டார். வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி, வெறுங்காது. "என்ன பிள்ளை, ஆருக்கு என்ன நடந்தது?" ஒருவருக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கு ஒரு நாள் விரதம், பொய் சொல்லக் கூடாது என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், போன முறை சொன்ன மாதிரியே சொல்லிவிடு என்று கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது.

உள்ளே, இனிப் பிந்தக் கூடாது என்று டொக்டர் சொல்லிக்கொண்டிருந்த ஐந்து நிமிடமும் நான் ஓடித் தப்பவே யோசித்தேன். வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்று வெளியே போய்விடலாம். அதுவும் பொய். ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாம், சீலம் பிழைக்கும். ஆனால் அக்கா பிழைக்க மாட்டார். அந்தக் கணத்தில் பிக்குவோ வீம்போ ஒன்றும் எனக்கு நினைவில்லை. கையெழுத்து வைக்காத அந்தத் தாள்தான் மேசையில் தெரிந்தது.

முதலில் டொக்டரிடம், போன முறை நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை, பிழை என்னுடையது என்றேன். பிறகு திரும்பினேன்.

"அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அது புண் இல்லை, கான்சர். இப்ப வெட்டினால் காப்பாற்றலாமாம். பிந்தினால் ஏலாதாம்."

அக்கா விழவில்லை. கணவரைத்தான் பார்த்தார். அந்த மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா அவருடைய முதுகைத் தடவிவிட்டு, டொக்டரிடம் கேட்கச் சொல்லி என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை நாள் படுக்க வேண்டும், பிறகு சாப்பிட முடியுமா, தலைமயிர் கொட்டுமா. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கையெழுத்து வைத்தார். டொக்டர் என்னைப் பார்த்து, இனிமேல் ஆஸ்பத்திரியே ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொள்ளும் என்றார். எனக்கு அது வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் நன்றி சொல்வார் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அக்கா என் வெள்ளைச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டெர்மின் நாளைக்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

விடியும் வரை பொய் சொல்ல முடியாதே. "தெரியாது அக்கா" என்றேன்.

ஒப்பரேஷன் நடந்தது. அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு அக்கா தன் காலில் நடந்து போய் வந்தார். நான் இப்போதும் எங்கள் ஆட்களோடு டெர்மின்களுக்குப் போகிறேன். ஆனால் ஒன்றையும் மறைக்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள், போகட்டும். வெசாக்குக்கு எட்டுச் சீலமும் எடுக்கிறேன், ஏழு மறுநாள் விடிய முடிந்துவிடும். நாலாவதை மட்டும் முடிக்கவில்லை, அக்காவின் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.