தோகையின் அடிக்காம்பு

புரட்டாசியில் உளுந்து விதைத்த மறுநாளே எங்கள் காட்டில் மயில்கள் இறங்கிவிடும். விதையைக் கிண்டித் தின்றுகொண்டே போகும். என் வீட்டுக்காரர் வரப்பில் நின்று அவற்றை ஏசாத ஏச்சு இல்லை. அதே மனுஷர்தான் அவை உதிர்த்துவிட்டுப் போன தோகைகளைப் பொறுக்கி வந்து, தையில் திருச்செந்தூருக்கு எடுக்கும் காவடிக்குச் சேர்த்து வைப்பார். காவடியில் ஒரே மட்டமாக நிற்க வேண்டுமென்று என் தையல் கத்தரிக்கோலால் அடிக்காம்புகளை நறுக்குவார். கத்தரி மழுங்குகிறதே என்று நானும் வருஷா வருஷம் கத்துவேன்.

போன வருஷம் எங்கள் வரப்பை ஒட்டிய ஓடையில் மயில்கள் செத்துக் கிடந்தன. யாரோ தானியத்தில் மருந்து கலந்து போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்த வனக்காவலர் கண்ணில் எங்கள் வீட்டு மூலையில் இருந்த தோகைக்கட்டு பட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

"உதிர்ந்த தோகைய வச்சிருக்கது குத்தமில்ல அண்ணாச்சி. கொன்னு பிடுங்குனதுன்னா ஜெயிலு. அடிக்காம்புல ரத்தமோ சதையோ இருக்கான்னு பாத்துத்தான் சொல்ல முடியும். நீங்க அதத்தான வெட்டி எறிஞ்சிருக்கீய" என்றார்.

இவரையும் தோகைக்கட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் குப்பைக்குழியில் இறங்கினேன். சாணியையும் சாம்பலையும் கிளறியதில் நறுக்கிய காம்புகள் ஒரு கைப்பிடி தேறின. முந்தியில் முடிந்துகொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். வனத்துறை ஆபீசில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். வெட்டிய தோகைகளோடு பொருத்தியும் பார்த்தார்கள். எல்லாம் கறை இல்லாமல் காய்ந்து கிடந்தவை. பொழுது சாய இவரை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "தோக சரி. மருந்து வச்சது யாரு?"

"எனக்கென்ன தெரியும்" என்றார். ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் வரப்பில் நின்று ஏசும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். காம்பைக் காட்டி ஆபீஸ்காரர்கள் வாயை அடைத்துவிட்டேன். என் மனசை அடைக்க வழி தெரியவில்லை. தையில் தோகை இல்லாத காவடிதான் எடுத்தார். ஏனென்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இந்தப் புரட்டாசியில் விதைப்பெட்டியோடு அவர் கிளம்பியபோது வாசலில் மறித்து வாங்கினேன். அடியிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன். உளுந்து வாசம்தான். பெட்டியைத் திருப்பி நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.