சுனைக்குள் இரும்பு போகாது

கரியாலூருக்கு மேலே, பஸ் போகாத பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி மழையில் மேட்டுச் சரிவு ஒன்று பெயர்ந்து வந்து எங்கள் சுனையை மூடிவிட்டது. ஊரே குடிக்கிற தண்ணீர் அதுதான். அதற்கப்புறம் ஓடைக்கு இறங்கி, குடத்தோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தோம். மாசி வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் ஓடையும் வற்றிவிடும்.

போர் போட்டுத் தருகிறோம் என்று ஊராட்சியில் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் குறித்த இடம் சுனைக் காடு. தண்ணீர் இருந்த இடத்தில்தானே தண்ணீர் இருக்கும் என்று அவர்கள் கணக்கு. போர் போடுகிற லாரி உள்ளே வர வேண்டுமென்றால் அத்தியும் நாவலுமாக நிற்கிற அந்தக் காட்டில் வழி வெட்ட வேண்டும். அங்கே ஒரு விளார்கூட எங்கள் சனம் ஒடித்ததில்லை. செருப்புக் காலோடு யாரும் போனதில்லை.

கல்லூரி முடித்துவிட்டு அரசுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்தவள் நான். ஊர்க் கூட்டத்தில் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். "சுனைய நாமளே தொறந்துட்டா?"

ஊர்க்கவுண்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தொறந்துட்டா லாரி எதுக்கு? ஞாயித்துக்கெழம வராங்க. அதுக்குள்ள தண்ணிய காட்டு, இங்க வேணாம்னு சொல்லிடறேன். இல்லன்னா காடு போவும். அப்பறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டார்கள். மாமன் மகனும் வந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது மலை ரோட்டு வேலையில் ஜேசிபி ஓட்டுகிறான். பாதை முடிகிற இடத்தில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டே சொன்னான்: "அர மணி நேரம். வாரிப் போட்டுட்டு போய்க்கினே இருப்பேன்."

சுனைக்குள் இரும்பு போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் தூர் எடுப்பதே கையாலும் கொட்டாங்குச்சியாலும் மூங்கில் கூடையாலும்தான். இரும்பு பட்டால் சுனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பார்கள். படித்த எனக்கும் அதில் சந்தேகம் கிடையாது. பாறை இடுக்கில் நூல் மாதிரி வருகிற தண்ணீர் அது. ஒரு குத்து தப்பாக விழுந்தால் வேறு வழி பார்த்துக்கொண்டு போயே போய்விடும்.

"உன் யானைய அங்கயே கட்டு," என்றேன்.

"பி.எஸ்சி. படிச்சிட்டு கொட்டாங்குச்சில நோண்டப் போறியா?"

"நீயும்தான் நோண்டப் போற. சாவிய கழட்டி வெச்சிட்டு வா."

அண்ணி தன் முந்தானையைத் தொட்டுக்கொண்டு கவுண்டரைக் கேட்டாள். "ஏங்க, ஊக்கு இரும்புல சேத்திங்களா?"

கவுண்டர் யோசித்தார். "படிச்ச பொண்ணு நீ சொல்லு. காந்தத்துல ஒட்டுமா?"

"ஒட்டும்," என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். பெண்கள் ஊக்குகளைக் கழற்ற, ஆண்கள் பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் இடுப்புக் கத்தியையும் கழற்ற, எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்து ஜேசிபியின் கையிலேயே தொங்கவிட்டோம். "பாரு, உன் வண்டிக்கும் ஒரு வேல கெடச்சிது," என்று மாமன் மகனிடம் சொன்ன அண்ணி, புடவையை இறுக்கிச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இது அவுந்துச்சுன்னா உன்ன வுட மாட்டேன்."

கையும் கூடையுமாக மண்ணை வாரி வாரி, சனிக்கிழமை மத்தியானம் பழைய கல்தொட்டி வெளியே வந்தது. காய்ந்து கிடந்தது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாமன் மகன்கூட என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு உட்காரவும் வராது. சரிவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தொட்டிக்கு மேற்பக்கம், அத்தி வேருக்கு அடியில் புது மண் உருண்டைகள். விரலால் அழுத்தினால் ஈரம். நண்டு வளை. ஓடை நண்டெல்லாம் எங்கள் ரசத்துக்குப் போகும், சுனை நண்டை மட்டும் தொட மாட்டோம். சுனைக்குக் கண் திறந்து வைப்பது அதுதான் என்று நம்பிக்கை. மாமன் மகன் சின்ன வயதில் ஒன்றைச் சுட்டுத் தின்றுவிட்டு, ஊருக்கு ஒரு கோழி அபராதம் கட்டியவன். அவனைத்தான் கூப்பிட்டேன்.

அவன் குப்புறப் படுத்து வளைக்குள் தோள்வரை கையை விட்டான். "சில்லுனு கீது," என்றான் மெதுவாக.

அப்போதுதான் விளங்கியது. வந்து விழுந்த மண் தொட்டியை மட்டும் மூடவில்லை. மேலே தண்ணீர் வருகிற வாயையும் அடைத்திருந்தது. தண்ணீர் பக்கவாட்டில் சரிவுக்குள்ளேயே கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. வளை போன வழியே களிமண்ணைக் கையால் வழித்தோம். வந்த நண்டுகளை ஈர இலை போட்ட கூடையில் பத்திரமாக விட்டோம். அண்ணி ஒரு பெரிய களிக்கட்டியைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று அவள் மடியிலேயே விழுந்தது. பின்னாலேயே சேறு, அப்புறம் கலங்கல், அப்புறம் தண்ணீர்.

கல்தொட்டி நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் நின்றோம். முதல் கையளவு அத்தி வேருக்கு. நண்டுகள் திரும்ப வளைக்கு. அப்புறம்தான் எங்கள் வாய்க்கு. பல் கூசியது. இன்னும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தபோது, பாதையின் ஒரு ஓரம் முழுக்க நிறைகுடங்களோடு ஊரே நின்றிருந்தது. கூட வந்த ஓவர்சியருக்குக் கவுண்டர் ஒரு செம்பு கொடுத்தார். அவர் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.

"அப்ப போர் வேணாங்களா?"

"வேணுங்க. கீழ பள்ளிக்கூடத்தாண்ட போட்டுக் குடுங்க, பசங்களுக்கு ஆவும். இங்க தண்ணி கீது."

அவர் காட்டைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், டிரைவருக்குக் கை காட்டினார். திருப்ப இடமில்லாததால் லாரி ரிவர்ஸிலேயே வளைவுவரை இறங்க வேண்டியிருந்தது. மாமன் மகன் அதற்குப் பின்னால் நின்று, மாப்பிள்ளை அழைப்புக்கு வழி விடுகிறவன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டி, "வா, வா, லெஃப்ட்ல ஒடி, வந்துக்கினே இரு," என்று கடைசிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.